மூலைக் கடைவீட்டின் பக்கச் சுவர்: ஜார்ஜ்டவுனில் சுவரோவியத்துக்கு இடம் கொடுக்கலாமா?

கேள்வி: மூலைக்கடை

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெரு ஒன்றில், எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான மூலைக் கடைவீடு ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு மளிகைக் கடை வாடகைக்கு நடக்கிறது. மாடியில் என் சின்னம்மா குடியிருக்கிறார். கட்டடத்தின் பக்கச் சுவரில் சன்னலோ கதவோ கிடையாது. ஆளரவம் குறைந்த ஒரு சந்தின் பக்கம் அது மொட்டையாக நிற்கிறது. அதில் பெரிய ஓவியம் ஒன்றை வரைய அனுமதி கேட்டு ஓர் இளம் ஓவியர் எங்களை அணுகியிருக்கிறார். கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கிய தமிழ்த் தொழிலாளர்களை வரைய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கூலி எதுவும் வேண்டாம், பெயிண்டுச் செலவை மட்டும் நாங்கள் ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறார்.

என் தாத்தா தொங்கான் என்னும் சரக்குப் படகில் வேலை பார்த்தவர். கரைக்கு வர முடியாமல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து அரிசி மூட்டைகளையும் வெங்காயக் கூடைகளையும் வெல்ட் கீ துறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவருடைய தொழிலாக இருந்தது. அதனால் அந்த ஓவியரின் எண்ணத்தைக் கேட்டதுமே என் மனம் அதற்கு இசைந்துவிட்டது. ஆனால் வீட்டில் எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. அர்மேனியன் தெருவில் படம் எடுக்கக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கும் சின்னம்மா, தம் வீட்டு வாசலும் அப்படி ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார். சுவர் ஏற்கெனவே ஓதம் ஏறி அடிப்பகுதி பொரிந்திருக்கிறது என்பது என் அண்ணனின் கவலை. சென்ற ஆண்டு யாரோ இரவோடு இரவாக அதே சுவரில் ஸ்ப்ரே பெயிண்டால் எதையோ கிறுக்கிவிட்டுப் போனார்கள். அழகான ஓவியம் ஒன்று இருந்தால் அந்தத் தொல்லை இராது என்று கடைக்காரர் சொல்கிறார்.

கட்டடத்துக்கும், அதில் குடியிருப்பவருக்கும், தெருவுக்கும் கேடு வராமல் இதைச் செய்ய வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: சுண்ணாம்புக் காரை

நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், ஓவியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சுவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உங்கள் அண்ணனின் கவலை முழுக்க நியாயமானது.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் பெரும்பாலானவை மென்மையான செங்கல்லால் எழுப்பப்பட்டு, மேலே சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலேறுவதை அந்தக் கட்டுமானம் தடுப்பதில்லை. ஏறிய ஈரம் காரையின் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காற்றில் உலர்ந்துபோக விடுகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, காரையை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. கடலோரத்தில் இந்த உப்புக்குக் குறைவில்லை. சாதாரண அக்ரிலிக் பெயிண்டும் ஸ்ப்ரே பெயிண்டும் சுவரின்மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து இந்த வழியைத்தான் அடைக்கின்றன. சில பருவமழைகளுக்குள் படலம் உப்பிக்கொண்டு, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து, கூடவே நூறாண்டு பழைய காரையையும் பெயர்த்துக்கொண்டு வருவதை நான் பல சந்துகளில் கண்டிருக்கிறேன்.

ஆகவே முதலில் சுவரைச் சோதியுங்கள். விரல் முட்டியால் அடிமுதல் தலையுயரம் வரை தட்டிக்கொண்டே போனால், காரை செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கும் இடங்களில் பொள்ளலான ஓசை கேட்கும். அந்த இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். அடிப்பகுதியில் யாராவது சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஓதம் ஏறிய சுவருக்குச் சிமெண்ட் பூசுவதுதான் இங்கே பலரும் செய்யும் மருத்துவம், அதுவே நோயை இன்னும் மேலே ஏற்றுகிறது. சிமெண்டை நீக்கிவிட்டுச் சுண்ணாம்புக் காரையால் பூசி, ஈரம் வடியச் சில மாதங்களாவது விடவேண்டும். அதற்குப் பிறகும் ஓவியம் வேண்டுமென்றால், சுண்ணாம்புடன் இயற்கை நிறமிகளைக் குழைத்தோ, சிலிக்கேட் வகைப் பெயிண்டாலோ வரையலாம். இவ்விரண்டும் சுவரை மூச்சுவிட அனுமதிப்பவை. நிறம் அக்ரிலிக் போலப் பளிச்சென்று இருக்காது என்பதை ஓவியரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

சுவரைத் தொடாமலே செய்வதற்கும் வழி உண்டு. 2009-இல் மாநில அரசு நடத்திய போட்டியின் விளைவாக வந்த இரும்புக் கம்பிச் சித்திரங்களை நீங்கள் அன்றாடம் கடந்து போயிருப்பீர்கள்; நகரமெங்கும் 52 சித்திரங்கள் வைக்கப்பட்டன. கார்ட்டூன் கோடுகளைப் போலக் கம்பியை வளைத்து, சுவரிலிருந்து சற்றே தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். மன்ட்ரி தெருவில், சமையலும் சலவையும் பிள்ளை வளர்ப்பும் தனியொருத்தியாகச் செய்த சீன வீட்டுப் பணிப்பெண்ணின் சித்திரம் இருக்கிறது. கேனன் தெருவிலோ 1867 கலவரத்தின் பீரங்கிக் குண்டு நினைவுகூரப்படுகிறது. பின்னாளில் அவற்றை எடுத்துவிட்டால் சுவரில் மிஞ்சுவது சில ஆணித் துளைகள்தான். நான் பார்த்தவரையில் பாரம்பரியக் கட்டடத்துக்கு இதைவிட மரியாதையான தெருக்கலை இந்த நகரத்தில் இல்லை.

அனுமதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது; மையப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர், அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி ஏறத்தாழ 150 ஹெக்டேர். லிட்டில் இந்தியா இந்த எல்லைக்குள்தான் வருகிறது. சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார் என்பது இங்கே போதாது. மாநகர் மன்றத்திடம் எழுத்துவழி அனுமதி வாங்க வேண்டும். 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டத்தில் உங்கள் கட்டடம் எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்போது இருக்கும் கிறுக்கலை அழிக்க மணல் பீய்ச்சும் கருவியை மட்டும் யாரையும் கொண்டுவர விடாதீர்கள். மென்செங்கல்லின் சுட்ட மேல்தோல் போய்விட்டால் அதை எந்தப் பூச்சாலும் மீட்க முடியாது.

பதில்: அர்மேனியன் தெருக்காரி

உங்கள் சின்னம்மாவின் பக்கம் நின்று எழுதுகிறேன். அந்தத் தெருவில் வளர்ந்தவள் நான்.

2012-இல், ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னெஸ்ட் ஸக்கரேவிச் எங்கள் தெருவில் அந்த மிதிவண்டிப் பிள்ளைகளை வரைந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லாரும் மகிழ்ந்தோம். சுவரில் பொருத்திய உண்மையான பழைய மிதிவண்டி. அதன் கைப்பிடியைப் பற்றியபடி சிரிக்கும் அக்கா. பின்னால் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கூவும் தம்பி. அவ்வளவு உயிர்ப்பான ஓவியம் அது என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. வண்டியோடு தாமும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருக்கிறார்கள். கைபட்டுக் கைபட்டு, பிள்ளைகளின் உருவத்தில் ஆள் உயரத்துக்குக் கீழே உள்ள வண்ணம்தான் முதலில் போயிற்று. எங்கள் ஐந்தடி நடைபாதையில் என் தாயார் நாற்காலி போட்டு உட்காருவதை நிறுத்திவிட்டார், ஏனென்றால் அவரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

நாங்கள் அங்கிருந்து வெளியேறியதற்கு ஓவியத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியில் முடிவுக்கு வந்தபோதே நகரத்தின் உட்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் பெட்டியைக் கட்டிவிட்டன. பிறகு யுனெஸ்கோ பட்டியல் வந்தது, விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன, அவற்றுக்குப் பின்னால்தான் ஓவியங்கள் வந்தன. இருந்தாலும், எஞ்சியிருந்த சிலருக்கு அன்றாட அமைதியைக் குலைத்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டில் இன்னும் ஒருவர் குடியிருக்கிறார் என்பது இன்றைய ஜார்ஜ்டவுனில் பெரிய செய்தி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே விட்டுவிடுங்கள்.

பதில்: ஓவிய ஆசிரியை

இரண்டு பதில்களும் மிக முக்கியமானவை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஓவியரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் கூடுவது ஓவியத்தின் இயல்பு என்று எண்ணிவிட வேண்டாம். அது பெரும்பாலும் ஓவியத்தின் அமைப்பைப் பொறுத்தது. ஸக்கரேவிச்சின் மிதிவண்டியும், ஆ குவீ தெருவின் மோட்டார் சைக்கிளும், கேனன் தெருவில் நாற்காலிமேல் ஏறி நின்று எட்டிப் பிடிக்க முயலும் சிறுவனும் உண்மைப் பொருள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துச் செய்யப்பட்டவை. பார்ப்பவர் உள்ளே நுழைந்து தாமும் ஒரு பாத்திரமாக நிற்கும்படி அந்தப் பொருள் அழைக்கிறது. அவருடைய கைத்திறனில் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அவற்றின் வெற்றியைப் பார்த்துக் கடைக்குக் கடை முளைத்த போலிகள், ஊஞ்சலும் சிறகும் குடையும் வரைந்து வாடிக்கையாளரை நிற்கவைக்கும் படப்பிடிப்புத் திரைகள், இந்த நகரத்தின் சுவர்களுக்குச் செய்த தீங்கு பெரிது. அவற்றுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் எந்த உறவும் கிடையாது. உங்கள் சுவரில் ஓவியம் வருமானால், தலையுயரத்துக்கு மேலே தொடங்கட்டும். ஒட்டி நிற்க எந்தப் பொருளும் வேண்டாம். சந்தின் எதிர்முனையிலிருந்து நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஓவியத்தின் முன் யாரும் நெடுநேரம் நிற்பதில்லை. ஓதம் ஏறும் அடிப்பகுதியும் இதனால் தப்பும்.

கடைக்காரர் சொன்னதைப் பற்றி: ஓவியம் இருந்தால் கிறுக்கல் வராது என்பது பெரும்பாலும் உண்மைதான், ஏனென்றால் ஸ்ப்ரே பெயிண்டோடு திரியும் இளைஞர்களுக்குள் பிறர் உழைத்து வரைந்ததன்மேல் கைவைப்பது இழிவு என்ற எழுதப்படாத கட்டுப்பாடு உண்டு. ஆனால் அதற்காகவே ஓவியம் வரைவது என்றால், கிராஃபிட்டி எழுதுபவரை வெறும் கேடு செய்பவராகவும் சுவரோவியரை நல்லவராகவும் பிரித்துவிடுகிறோம். பக்கத்துச் சிங்கப்பூர் 1966-இல் இயற்றிய சட்டத்தில் இதற்குப் பிரம்படி வரை தண்டனை வைத்திருக்கிறது. அந்தப் பாதை நமக்கு வேண்டாம். குர்த்வாரா சாலையில், பாழடைந்து கிடந்த ஹின் பேருந்துப் பணிமனையை 2014 முதல் கலைக்கூடமாக மாற்றி, அதன் சுவர்களில் பலரும் வரைய இடம் கொடுத்திருக்கிறார்கள். வரைந்து பழக இடம் இருக்கும் ஊரில் வீட்டுச் சுவர்கள் தாமாகவே தப்பும் என்பது என் மாணவர்களைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட உறுதி.

எது வரையப்படுகிறது என்பதில் உங்களுக்கு எவ்வளவு உரிமை, ஓவியருக்கு எவ்வளவு உரிமை என்பதையும் தெளிவாகப் பேசுங்கள். 2013-இல் இதே ஸக்கரேவிச் ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் மூலையில், கைப்பையுடன் வரும் லேகோ பொம்மைப் பெண்ணையும், திருப்பத்தின் மறுபக்கம் கத்தியுடன் காத்திருக்கும் லேகோ திருடனையும் வரைந்தார். நகரின் குற்றங்களைப் பற்றிய அந்தக் கூர்மையான ஓவியத்தைச் சில நாள்களுக்குள் நகராட்சி வெள்ளையடித்து மறைத்தது. சிரிக்கும் பிள்ளைகளுக்குச் சுவர் கிடைக்கிறது, ஊரின் வலியைச் சொல்லும் ஓவியத்துக்குக் கிடைப்பதில்லை. துறைமுகத் தொழிலாளியை வரைய ஒருவர் முன்வந்திருப்பதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். எத்தனை ஆண்டுகள் ஓவியம் இருக்கும், மங்கினால் புதுப்பிப்பது யார், சுவரைப் பழுதுபார்க்க நேர்ந்தால் ஓவியத்தை அழிக்க உரிமை உண்டா, படத்தை அஞ்சலட்டையாகவும் சட்டையாகவும் அச்சிட்டு விற்க யாருக்கு அனுமதி என்ற நான்கையும் அதில் சேருங்கள். ஓவியருக்கு உரிய கூலியையும் கொடுங்கள். கூலி வாங்காமல் வரைவதாக அவர் சொன்னாலும், கூலிக்காரர்களைப் பற்றிய ஓவியத்தைக் கூலி கொடுக்காமல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: கிட்டங்கிப் பக்கம்

ஓவியத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டூவர்ட் சந்தில் ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படகில் அமர்ந்திருக்கும் அந்த முதியவரின் முகச் சுருக்கங்களிலும் முழங்கையின் நரம்புகளிலும் அவர் காட்டியிருக்கும் கவனம் வியக்கத்தக்கது. ஆனாலும் அவர் எங்கே, என்ன சரக்கை ஏற்றிக்கொண்டு போகிறார் என்பதற்கு அந்தச் சுவரில் விடை இல்லை. யாரென்று தெரியாத அழகிய முதியவராகவே சுற்றுலாப் பயணியின் கைப்பேசிக்குள் போய்விடுகிறார்.

உங்கள் சுவர் அந்தக் குறையைத் தீர்க்கலாம். கிங் தெருவின் ஒரு பகுதியை நம்மவர்கள் படகுக்காரர் தெரு என்றே அழைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் படகோட்டிகளும் சுமைதூக்கிகளும் அந்தப் பகுதியில் நெருக்கமாக வாழ்ந்தவர்கள். சூலியா தெருவின் நாகூர் தர்காவும், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833 முதல் குவீன் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலும் துறைமுகத்தில் உழைத்தவர்களும் வணிகம் செய்தவர்களும் சேர்ந்து நிலைநிறுத்தியவை. பினாங்குத் தெருவின் செட்டியார் கிட்டங்கிகளில், அதாவது வட்டித் தொழில் நடந்த கூடங்களில், பணம் புழங்கியது, வெல்ட் கீயில் உடல் உழைத்தது. 1969-இல் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோனதும் ஜார்ஜ்டவுனின் வணிகம் சரிந்தது. சரக்கு பெட்டகங்களில் அடைந்து பட்டர்வொர்த் கரைக்குப் போய்விட்டபின் தொங்கான்களுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. உங்கள் தாத்தாவின் தொழில் முடிந்துபோனதற்கு இவ்வளவு பெரிய காரணங்கள் இருக்கின்றன.

ஆகையால், குனிந்த முதுகும் வியர்வையும் மட்டும் கொண்ட ஏழைத் தொழிலாளியை வரையச் சொல்லாதீர்கள். தொழிலை வரையச் சொல்லுங்கள். மூட்டையைக் கொக்கியால் குத்தி இழுக்கும் கை, கப்பலின் பக்கவாட்டிலிருந்து இறங்கும் கயிற்று வலை, தொங்கானின் விளிம்பிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் சுமையோடு நடக்கும்போது பாதம் பதியும் விதம், தோளுக்கும் மூட்டைக்கும் இடையில் மடித்துப் போட்ட துண்டு, இவற்றையெல்லாம் அறிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஓவியர் பெயிண்டை வாங்குவதற்கு முன் அவர்களிடம் போய் உட்காரட்டும். சுவரின் ஒரு மூலையில், அந்தத் தொழில் என்ன, எந்தத் துறையில் நடந்தது என்பதைத் தமிழிலும் மலாயிலும் இரண்டு வரிகள் எழுதச் சொல்லுங்கள்.

மூலைக்கடை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைச் சின்னம்மாவுக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். தலையுயரத்துக்கு மேலே, வாசலிலிருந்து தள்ளி, சந்தின் உள்பக்கமாக இருந்தால் தமக்கு மறுப்பு இல்லை என்றார். தாத்தாவின் தோள்துண்டைப் பற்றி அவரே நெடுநேரம் பேசினார். அது வெறும் துண்டு அல்லவென்றும், கோணியைக் கிழித்து இரண்டாக மடித்துத் தைத்ததென்றும் சொன்னார். ஓவியர் அவரை வந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலியைப் பற்றியும் பேசினோம். பாதியை நாங்களும் பாதியைக் கடைக்காரரும் தருவதாக முடிவாகியிருக்கிறது.

சுவரைத் தட்டிப் பார்த்தோம். இடுப்புயரம் வரை ஏறக்குறைய முழுவதும் பொள்ளல்தான். அதற்கு மேலே இரண்டு இடங்கள் மட்டும். அடியில் சிமெண்ட் பூச்சும் இருக்கிறது. வேலையை எப்போது தொடங்கலாம் என்று சுண்ணாம்புக் காரை ஐயா சொல்ல வேண்டும்.

பதில்: சுண்ணாம்புக் காரை

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கே மழை கடுமையாக இருக்கும், அப்போது காரையில் கைவைக்க வேண்டாம். மாநகர் மன்றத்துக்கு விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தோடு ஓவியத்தின் மாதிரியையும், எந்த வகைப் பெயிண்ட் என்பதையும், சுவரின் இன்றைய நிலையைக் காட்டும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் கேள்விகள் குறையும். அனுமதி வந்ததும், வறண்ட ஜனவரியில் சிமெண்டைக் கையுளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். இயந்திரம் வேண்டாம், அதிர்வில் நல்ல காரையும் பிரியும். புதிய சுண்ணாம்புக் காரையை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, முதல் சில நாள்கள் நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். மேற்பகுதியில் உள்ள அந்த இரண்டு இடங்களையும் அதே சாரத்தில் நின்று சரிசெய்துவிடலாம். சாரத்தை உடனே பிரிக்காமல் சந்தில் வைத்திருக்க முடியுமா என்று பக்கத்து வீட்டாரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஓவியருக்கும் அது தேவைப்படும்.